அலெக்சாண்ட்ரியாவுக்கு ஒரு நாள் போதாது

எகிப்துச் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கும் விளம்பரங்களைப் பாருங்கள். அலெக்சாண்ட்ரியாவுக்கு ஒதுக்கியிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பகல். விடியும் முன் கெய்ரோவில் பேருந்து ஏற்றுகிறார்கள். 220 கிலோமீட்டர் போனதும் ஒரு தூண், ஒரு கோட்டை, ஒரு நூலகம், கடற்கரையில் மீன் சாப்பாடு. பொழுது சாய்ந்ததும் திரும்பப் பேருந்து. அப்படிப் போய் வந்தவர்கள் "அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை" என்று சொன்னால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிரமிடு போல எழுந்து நின்று கண்ணை நிறைக்கும் எதுவும் அந்த ஊரில் இல்லைதான். உலக அதிசயங்களில் ஒன்றான கலங்கரை விளக்கம் கடலடியில் கற்களாகக் கிடக்கிறது. கிளியோபாட்ராவின் அரண்மனைப் பகுதி துறைமுக நீருக்குள் இருக்கிறது. நகரை நிறுவிய அலெக்சாந்தரின் கல்லறை எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கி.மு. 331-இல் பிறந்த நகரம், தன் பழமையை மண்ணுக்கும் நீருக்கும் அடியில் வைத்துக்கொண்டு, மேலே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களோடு பரபரப்பாக வாழ்ந்துகொண்டிருக்கிறது.

அந்த ஊருக்குக் குறைந்தது நான்கு இரவு கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விமான டிக்கெட்டிலிருந்து திட்டத்தைத் தொடங்காதீர்கள். எந்த மாதம், எத்தனை இரவு என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு விமானத்தைத் தேடுங்கள். மலிவாகக் கிடைத்தது என்று டிக்கெட் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் நாட்களில் ஊரைத் திணிப்பவர்களுக்குத்தான் அந்த ஒரு பகல் வாய்க்கிறது.

காற்றைக் கேட்டுப் புறப்பட்டவர்கள்

இந்தப் பயணத்துக்கு ஏற்கெனவே ஒருவர் நாள் கணக்கோடு திட்டம் எழுதி வைத்திருக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் 'இயற்கை வரலாறு' எழுதிய ரோமானியர் மூத்த பிளினி, அலெக்சாண்ட்ரியாவிலிருந்து சேரநாட்டு முசிறிக்கு வரும் வழியைத் துறை துறையாகச் சொல்கிறார். நைல் நதியில் படகேறி கோப்டோஸ் வரை 12 நாள். அங்கிருந்து ஒட்டகங்களோடு பாலைவனத்தைக் கடந்து செங்கடல் துறையான பெரனிகே சேர மேலும் 12 நாள். வெயில் தாங்காது என்பதால் இரவில் நடை, பகலில் தங்கல். கோடையின் நடுவில் கப்பல் புறப்படும். 30 நாளில் அரேபியாவின் தென்கோடித் துறை. அங்கே தென்மேற்குப் பருவக்காற்றைப் பாயில் வாங்கினால் 40 நாளில் முசிறி. கூட்டிப் பார்த்தால் மூன்று மாதத்துக்கும் மேல். திரும்புவதற்கு டிசம்பரில் புறப்பட வேண்டும். எப்படியும் ஜனவரி நடுப்பகுதியைத் தாண்டக் கூடாது. முசிறியை ஒட்டிக் கடற்கொள்ளையர் தொல்லை இருக்கிறது, சரக்கைக் கரையிலிருந்து தொலைவில் நிற்கும் கப்பலுக்குத் தோணியில் ஏற்ற வேண்டியிருக்கிறது, ஆகவே பாண்டியன் ஆட்சியிலுள்ள துறைக்குப் போவது மேல் என்று எச்சரிக்கையும் தருகிறார்.

இது ஏட்டில் மட்டும் நடந்த பயணமல்ல. பெரனிகேயில் ஒரு கோயிலின் தரையில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அதே துறையிலும், அதற்கு வடக்கே குசைர் அல்-கதீமிலும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. முசிறிக்குச் சரக்கெடுக்கப் போன வணிகன் ஒருவன் எழுதிக்கொடுத்த கடன் ஒப்பந்தம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்றில், வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. செங்கடல் துறையிலிருந்து சரக்கு ஒட்டகமேறி, நைலில் படகேறி, அலெக்சாண்ட்ரியாவில் உள்ள அரசுப் பண்டகசாலைக்குப் போக வேண்டும், அங்கே நாலில் ஒரு பங்கு சுங்கம் கட்ட வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அந்தக் கப்பலின் பெயர் ஹெர்மபோலன். யானைத்தந்தமும் கங்கைச் சமவெளியின் நறுமணத் தைலமும் அதில் ஏறியிருந்தன. சங்கப் பாடல்களில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கலங்களின் மறுமுனை எது என்று கேட்டால், இந்த ஊரைத்தான் சொல்ல வேண்டும்.

அன்று கப்பல்காரர்கள் காற்றைக் கேட்டுத்தான் தேதி வைத்தார்கள். விமானத்தில் போனாலும் நாமும் அதையே செய்யலாம்.

எந்த மாதம் போவது?

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். நம் பள்ளி விடுமுறை முடிந்த பிறகு வரும் இந்த இரண்டு மாதங்களில்தான் எகிப்தின் சரிபாதி ஊர் அலெக்சாண்ட்ரியாவுக்கு இறங்கியதுபோல இருக்கும். கெய்ரோவின் வெக்கையிலிருந்து தப்பி வரும் குடும்பங்களால் கடற்கரை நிறைந்துவிடும், அறை வாடகை ஏறிவிடும். வெயில் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்றாலும் ஈரப்பதம் சென்னையை நினைவூட்டும். அதற்காக 5,500 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

குளிர்காலத்துக்கு வேறு குணம் உண்டு. அலெக்சாண்ட்ரியாக்காரர்கள் குளிர்காலப் புயல்மழையை 'நவ்வா' என்கிறார்கள். எது எந்த வாரத்தில் வரும் என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நவம்பர் நடுவில் வருவது 'மக்னசா', அதாவது துடைப்பம். டிசம்பர் தொடக்கத்தில் 'காசிம்'. ஜனவரியில் 'பெரிய பெருக்கு' என்ற பொருளில் 'ஃபைதா அல்-கபீரா'. மீனவர்கள் அதைப் பார்த்தே படகைக் கரையேற்றுவார்கள். அலை சாலைத் தடுப்பைத் தாண்டி அடிக்கும், மீன்பிடித் துறைமுகம் மூடப்படும், சாலைகளில் நீர் தேங்கும். 2015 அக்டோபரில் பெய்த ஒரு பெருமழையே ஊரை மூழ்கடித்து உயிர்களையும் கொண்டுபோனது. டிசம்பர் பெருமழைக்குப் பழகிய நமக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆனால் கடலடி அகழாய்வின் கதையைத் தேடிப் போகிறவர், கடலே தெரியாத நாட்களில் போக வேண்டாம். மார்ச் முதல் மே வரை இன்னொரு காற்று உண்டு: பாலைவனத்திலிருந்து மணலை அள்ளிவரும் 'கம்சீன்'. அது மாதம் முழுதும் வீசாது, வந்தால் ஓரிரு நாளில் தணிந்துவிடும்.

ஆகவே அக்டோபரின் பிற்பாதி, நவம்பரின் முதல் வாரம், அல்லது மார்ச் கடைசி முதல் ஏப்ரல் முடிய. என்னைக் கேட்டால் அக்டோபர். கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும், துடைப்பப் புயலுக்கு மூன்று வாரம் மிச்சமிருக்கும். ரமலான் எந்த மாதத்தில் விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் ஊர் இரவில் மிக அழகாக இருக்கும், பகலில் உணவகங்களும் அருங்காட்சியகங்களும் நேரம் குறைத்துக்கொள்ளும்.

நேர வித்தியாசத்திலும் ஒரு சிறு கணக்கு உண்டு. எகிப்து 2023 முதல் மீண்டும் கோடைக்கால நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. ஏப்ரல் கடைசி வெள்ளி முதல் அக்டோபர் கடைசி வியாழன் வரை நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். மற்ற மாதங்களில் மூன்றரை மணி. அக்டோபர் இறுதியில் போகிறவர்கள் கடிகாரம் மாறும் அந்த இரவில் ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டியிருந்தால் இரண்டு முறை சரிபாருங்கள்.

இரண்டு விமானம், ஒரே டிக்கெட்

சென்னையிலிருந்து எகிப்துக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடாவில் இறங்கி மாறுவதுதான் நடைமுறை: துபாய், அபுதாபி, தோஹா, ஷார்ஜா, பஹ்ரைன், குவைத். சென்னையிலிருந்து அங்கே நாலு மணி நேரம் சொச்சம், அங்கிருந்து எகிப்துக்கு இன்னும் நாலு மணி நேரம் அளவில். காத்திருப்பையும் சேர்த்தால் வீட்டிலிருந்து கிளம்பி விடுதிக் கதவைத் திறக்கும்வரை ஒரு முழு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மும்பை, டெல்லியிலிருந்து எகிப்து ஏர் கெய்ரோவுக்கு நேரடியாகப் பறக்கிறது. ஆனால் அதற்குச் சென்னையிலிருந்து மும்பை போய், முனையம் மாறி, பெட்டியை மறுபடி ஒப்படைக்க வேண்டும். மதுரை, கோவை, திருச்சிக்காரர்களுக்கு இந்த அலைச்சல் இன்னும் கூடும். திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கு விமானங்கள் உண்டு என்பதால், சென்னைக்கு வராமலே போக முடிகிறதா என்று அவர்கள் முதலில் தேடிப் பார்க்கலாம்.

இறங்கும் விமான நிலையத்தைத் தேர்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எகிப்து என்றாலே கெய்ரோ என்று நினைத்துவிடுகிறோம். அலெக்சாண்ட்ரியாவுக்குச் சொந்த விமான நிலையம் உண்டு. பெயர் போர்க் அல்-அரப். ஊருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வளைகுடாவிலிருந்து நேராக அங்கே போகும் விமானங்கள் இருக்கின்றன. அவற்றில் பல குறைந்த கட்டண நிறுவனங்களுடையவை. கெய்ரோவில் இறங்கினால் குடியேற்ற வரிசை, நகரின் நெரிசல், ராம்சேஸ் ரயில் நிலையம், பிறகு இரண்டரை மணி நேர ரயில். போர்க் அல்-அரபில் இறங்கினால் மாலையில் கடற்கரையில் நடக்கலாம்.

குறைந்த கட்டண விமானம் எடுப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பெட்டிக்கு எத்தனை கிலோ, சாப்பாடு தருவார்களா, இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கிறதா. மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு தனி டிக்கெட்டாக வாங்கி, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டுவிட்டீர்கள் என்றால், அது முழுக்க உங்கள் பாடு. ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. மேற்காசியாவில் போர்ப் பதற்றம் எழுந்தால் வான்வழி ஒரு மணி நேரத்தில் மூடப்படலாம். 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்பரப்பை மூடியபோது, நடுவானில் இருந்த விமானங்கள் வேறு நாடுகளுக்குத் திரும்பின. இதைப் பயந்து வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை. ஒரே டிக்கெட்டில் போங்கள்; காத்திருப்பு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பாருங்கள்; விமானம் ரத்தானால் தங்கும் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு எடுங்கள்; காப்பீட்டுப் பத்திரத்தில் போர், வான்வழி மூடல் பற்றிய வரிகளைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வளைகுடா விமானங்கள் பலவும் சென்னையிலிருந்து அதிகாலையில் கிளம்புகின்றன. அதாவது நள்ளிரவில் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். முந்தின நாள் மாலை ஏழு மணிக்கே ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. முதல் விமானத்தில் விளக்கணைத்ததும் தூங்கிவிடுங்கள், இரண்டாவதில் விழித்திருங்கள். இரண்டாவது விமானத்துக்கு ஜன்னல் சீட் கேளுங்கள். அரேபியப் பாலைவனம் மணி நேரக் கணக்கில் கீழே ஓடும். பிறகு திடீரென்று நீலம். செங்கடலை விமானம் சில நிமிடங்களில் தாண்டிவிடும். அந்த நீலத்தின் தெற்கில், பாறைகளுக்கும் பவளத்திட்டுகளுக்கும் இடையில், பாயும் துடுப்புமாக ஒரு மாதம் ஓடியிருக்கிறார்கள் மிளகுக் கப்பல்காரர்கள்.

அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிட வேண்டும். வளைகுடா விமான நிலையங்களில் ஒரு வாயிலிலிருந்து மறு வாயிலுக்குப் போவதே பெரும் நடை. சைவ உணவுக்கும் முன்கூட்டியே, குறைந்தது ஒரு நாள் முன்னால் சொல்ல வேண்டும். நாலு மணி நேர விமானத்தில் கால் வீங்கும் அளவு பெரிதாக இருக்காது என்றாலும், இரண்டும் சேரும்போது நரம்புச் சுருட்டல் உள்ளவர்களும் சர்க்கரை நோயாளிகளும் எழுந்து நடக்க வேண்டும். நடைபாதை ஓர இருக்கை அவர்களுக்குத்தான்.

பெட்டியில் எது கூடாது என்பதில் நம்மவர்கள் கவனிக்காத ஒன்று: கசகசா. குருமாப் பொடியிலும் மசாலாவிலும் நமக்குச் சாதாரணம். ஐக்கிய அரபு அமீரகம் உட்பட வளைகுடாவில் அது தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. வீட்டு மசாலாவை எடுத்துப் போகவே வேண்டாம். டிராமடால் போன்ற வலிநிவாரணிகளுக்கு எகிப்தில் கடும் கட்டுப்பாடு. அதைக் கொண்டுபோய்ச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் எந்த மாத்திரையும் எடுத்துப் போகாதீர்கள். டிரோன் கேமராவையும் விட்டுவிடுங்கள். எகிப்தில் அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் பறிமுதல்தான்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எகிப்து விசா தேவை. எகிப்தில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். அமெரிக்க, பிரிட்டிஷ், ஷெங்கன் விசா கையில் வைத்து ஏற்கெனவே அங்கே போய் வந்தவர்களுக்கு வழி எளிதாக இருந்து வந்திருக்கிறது. விதிகள் அடிக்கடி மாறும் என்பதால் டெல்லியில் உள்ள எகிப்துத் தூதரகத்தின் அறிவிப்பை மட்டுமே நம்புங்கள். விசா வரும்முன் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை வாங்க வேண்டாம். பணத்தைப் பொறுத்தவரை, எகிப்தியப் பவுண்டு 2024 மார்ச்சில் மிதக்க விடப்பட்டு மதிப்பு சரிந்ததால், ரூபாயோடு போகிறவருக்கு அங்கே செலவு குறைவு. பல தொல்லியல் இடங்களில் கார்டு மட்டுமே வாங்குகிறார்கள்; உங்கள் வங்கியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டுப் போங்கள். டாக்சிக்கும் டீக்கடைக்கும் சில்லறை நோட்டு வேண்டும்.

கடலுக்குள் கிடக்கும் ஊர்

முதல் காலையில் கைத்பே கோட்டைக்குப் போங்கள். மம்லூக் சுல்தான் கைத்பே 1470-களின் இறுதியில் கட்டியது. கலங்கரை விளக்கம் நின்ற அதே இடம். எகிப்து மன்னன் இரண்டாம் தாலமி காலத்தில் முடிக்கப்பட்ட அந்த விளக்கம் 100 மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றது. நிலநடுக்கங்கள் ஒவ்வொன்றாக அதைக் குலைத்தன. 1303-இல் வந்தது பேரடி. மொராக்கோ யாத்திரிகர் இப்னு பதூதா 1326-இல் வந்தபோது ஒரு பக்கம்தான் இடிந்திருந்தது. 1349-இல் திரும்பி வந்தபோது உள்ளே நுழையவே முடியவில்லை. மிஞ்சிய கற்களில் கொஞ்சம் கோட்டைச் சுவருக்குள் போயிற்று, பெரும்பகுதி கடலுக்குள்.

அந்தக் கற்களை உலகுக்குச் சொன்னவர் அதே ஊர் முக்குளிப்பாளர் காமில் அபுல் சாதாத். 1960-களின் தொடக்கத்தில் கோட்டைக்கு அருகே மூழ்கி, பெருஞ்சிலைகளைக் கண்டு, தன் கையாலேயே வரைபடமும் போட்டுக் கொடுத்தார். 1968-இல் ஹானர் ஃபிராஸ்ட் என்ற கடலடித் தொல்லியலாளர் யுனெஸ்கோ சார்பில் வந்து அவரோடு சேர்ந்து ஆய்ந்தார். பிறகு கால் நூற்றாண்டு மௌனம். 1993-இல் கோட்டையை அலையிலிருந்து காக்க, அந்தக் கற்களின் மேலேயே கான்கிரீட் கட்டைகளைக் கொட்டினார்கள். எகிப்தியத் திரைப்பட இயக்குநர் அஸ்மா அல்-பக்ரி அதைப் பார்த்துப் பதறிக் குரல் எழுப்பினார். அதன் பிறகுதான் 1994-இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான்-ஈவ் அம்பெரர் குழு இறங்கியது. சிங்கத்தலைகள், தூண்கள், சதுரத்தூபித் துண்டுகள் என்று ஆயிரக்கணக்கில் எண்ணினார்கள். 2025-இல் 70, 80 டன் எடையுள்ளவை உட்பட 22 பெருங்கற்களை மேலே தூக்கி, கணினியில் அளந்தார்கள். விளக்கத்தின் வாயிற்கற்கள் அவற்றில் இருக்கின்றன. ஒரு பகலில் இதைப் பார்க்கப் போகிறவர் பார்ப்பது மூன்று தள மம்லூக் கோட்டையை மட்டும். கோட்டையின் கடல் பக்கச் சுவரில் நின்று, கீழே இன்றும் குவிந்திருக்கும் கான்கிரீட் கட்டைகளைப் பார்த்தால்தான் கதை முழுதாகப் புரியும்.

கி.பி. 365 ஜூலை 21-இல் நடந்ததையும் இங்கே நின்றுதான் நினைக்க வேண்டும். கிரீட் தீவருகே பெரும் நிலநடுக்கம். அக்கால வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதியிருக்கிறார்: கடல் பின்வாங்கியது, தரை தெரிந்தது, கப்பல்கள் சேற்றில் நின்றன, மக்கள் இறங்கி மீனைக் கையால் அள்ளினார்கள், பிறகு கடல் திரும்பி வந்தது. அலெக்சாண்ட்ரியாவில் கப்பல்கள் கட்டடங்களின் கூரைமேல் ஏறிக் கிடந்தன. 2004 டிசம்பர் 26-இன் காலையை நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கண்டவர்களுக்கு இதில் ஒரு வரி கூட விளக்கத் தேவையில்லை.

அருகிலேயே மீன் சந்தை. கோட்டைக்கும் அபுல் அப்பாஸ் அல்-முர்சி பள்ளிவாசலுக்கும் இடைப்பட்ட பஹரி, அன்ஃபூஷி பகுதிகளில் பனிக்கட்டி மேல் பரப்பியிருக்கும் மீனில் வேண்டியதைக் காட்டி, எடை போடச் சொல்லி, எப்படிச் சுட வேண்டும் என்று சொல்ல வேண்டும். 'சிங்காரி' என்றால் மீனைப் பிளந்து விரித்து, காய்களோடு வேகவைப்பார்கள். 'ரத்தா' என்றால் தவிட்டில் புரட்டிச் சுடுவார்கள். உடன் வெங்காயத்தைப் பழுப்பாக வதக்கிச் செய்யும் 'சயாதியா' சோறு. கருவாடு, மீன்குழம்பு இல்லாத ஊரில் என்ன செய்வது என்று தயங்குகிறவர்கள் தவிட்டு மீனைச் சாப்பிட்டுப் பாருங்கள். சைவர்களுக்கு இந்த ஊர் கருணை காட்டும். அவரையை இரவெல்லாம் வேகவைத்து மசித்த 'ஃபுல்', அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, பொரித்த வெங்காயம் எல்லாம் சேர்ந்த 'கொஷரி', அவரைவடை. நம் நாக்குக்குப் பழகுவதற்கு ஒரு வேளை போதும்.

மண்ணுக்குள் இருப்பவை

இரண்டாம் நாள் மண்ணுக்குள். கோம் அல்-ஷுகாஃபா கல்லறைக் குகை 1900-இல் தெரியவந்தது. பூமி இறங்கி ஒரு கழுதை குழிக்குள் விழுந்ததால் கண்டுபிடித்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். பிணத்தைக் கயிற்றில் இறக்கும் குழியைச் சுற்றிச் சுழலும் படிக்கட்டு. கீழே, இறந்தவரை நினைத்து உறவினர் உட்கார்ந்து உண்ட அறை. அதற்கும் கீழே சவக்குழி அறை. அங்கே பிணங்களின் காவல் தெய்வமான நரித்தலை அனுபிஸ், ரோமானியப் படைவீரனின் கவசம் பூண்டு நிற்கிறது. எகிப்தும் கிரேக்கமும் ரோமும் ஒரே கல்லில் இப்படிக் கலந்த வேறொரு சிற்பத்தைச் சொல்வது கடினம். பல ஆண்டு ஊறிப் பாழாக்கிய நிலத்தடி நீரை வடித்து எடுக்கும் பணி 2019-இல் முடிந்தது. பக்கத்திலேயே, செராபியம் கோயில் மேட்டில், ஏறத்தாழ 27 மீட்டர் உயரச் சிவப்புக் கருங்கல் தூண். பாம்பியின் தூண் என்று பெயர். ரோமானியத் தளபதி பாம்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனுக்காக எடுத்தது. அஸ்வானில் வெட்டி, நைலில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்த ஒற்றைக்கல் அது.

கோம் அல்-திக்காவுக்கு ஒரு முழு முற்பகல் வேண்டும். 1960-களில் போலந்து ஆய்வாளர்கள் ஒரு மேட்டைத் தோண்டியபோது வெண்கல் படிகளோடு ஒரு சிறு அரங்கம் வெளிப்பட்டது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதையொட்டிக் கிடைத்த 20-க்கும் மேற்பட்ட விரிவுரைக் கூடங்கள். அரைவட்டமாகப் படிகள், நடுவில் ஆசிரியருக்கு உயர்ந்த இருக்கை. ஐந்து முதல் ஏழாம் நூற்றாண்டு வரை, நூலகம் அழிந்தது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் காலத்துக்குப் பிறகும், இங்கே பாடம் நடந்திருக்கிறது. கடலிலிருந்து எடுத்த கற்கள் சிலவற்றையும் இந்த வளாகத்தில்தான் வைத்திருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பேச்சாளர் டியோ கிறிசோஸ்டம், அலெக்சாண்ட்ரியா மக்களைப் பார்த்து ஆற்றிய உரையில், அரங்கில் கூடியவர்களில் இந்தியர்களும் இருப்பதைச் சொல்கிறார். மிளகோடு வந்தவர்களில் சிலர் நாடகமும் பார்த்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் நூலகம். புதிய நூலகம் 2002 அக்டோபரில் திறந்தது. 160 மீட்டர் விட்டமுள்ள சாய்ந்த வட்டு, கடலை நோக்கிய கண்ணாடிக் கூரை, படிப்படியாக இறங்கும் வாசிப்புக் கூடம். பழைய நூலகம் நின்ற இடத்துக்கு அருகில்தான் என்பதைத் தவிர, அதன் ஒரு சுவரும் மிஞ்சவில்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் இருந்த ஏடுகளை வாங்கிப் படியெடுத்து, மூலத்தை வைத்துக்கொண்டு நகலைத் திருப்பிக் கொடுத்த நூலகம் அது. அதன் தலைவராக இருந்த எரடோஸ்தீனஸ், அஸ்வானில் நண்பகல் நிழலில்லாத நாளில் அலெக்சாண்ட்ரியாவில் நிழல் எவ்வளவு சாய்கிறது என்று அளந்து பூமியின் சுற்றளவைச் சொன்னார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இந்த ஊரில் வாழ்ந்த தாலமி என்ற புவியியலாளர், ஒருநாளும் இந்தியா வராமலே, மாலுமிகளையும் வணிகர்களையும் கேட்டுக் கேட்டு, முசிறி, கொற்கை, காவிரிப்பூம்பட்டினம், மதுரை, கரூர் எல்லாவற்றுக்கும் தீர்க்கரேகையும் அட்சரேகையும் குறித்தார். அந்த எண்களில் பிழை நிறைய. ஆனால் கடல் கடந்து கேள்விப்பட்டதை எண்ணாக்கிப் பார்த்த அந்த ஆசை இந்த நகரத்துக்கே உரியது. அவருக்கும் முன்பே, அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியரைச் சொல்லும் அதே பட்டியலில், இங்கே அரசாண்ட இரண்டாம் தாலமியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தத் தாலமியின் பெருஞ்சிலை, கடலிலிருந்து எழுந்து, இன்று நூலக வாசலில் நிற்கிறது. 2011 ஜனவரிப் புரட்சியில் ஊர் கொந்தளித்தபோது, இளைஞர்கள் கைகோத்து இந்த நூலகத்தைச் சுற்றி நின்று காத்தார்கள். வெள்ளிக்கிழமை திறக்கும் நேரம் குறைவு. அந்த நாளை வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டு ஆண்டு மூடிக் கிடந்து 2023 அக்டோபரில் மீண்டும் திறந்த கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகம், 2024-இல் புதுப்பிக்கப்பட்ட கவிஞர் கவாஃபியின் வீடு, நபி தானியல் தெருவின் பழைய புத்தகக் கடைகள் மூன்றும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போகும் தொலைவில். கவாஃபி நீர்ப்பாசன அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அந்த எளிய அறைகளில் அரைமணி உட்கார்ந்திருங்கள்.

நான்காம் நாளை ஊருக்கு வெளியே செலவிடுங்கள். மேற்கே 106 கிலோமீட்டரில் அல் அலமைன். 1942-இல் நடந்த போர்களில் நான்காம் இந்தியப் படைப்பிரிவு இங்கே நின்றது. காமன்வெல்த் கல்லறை வளாகத்தில், எரியூட்டப்பட்ட இந்திய வீரர்கள் 600-க்கும் மேற்பட்டோருக்குத் தனி நினைவிடம் இருக்கிறது. கிழக்கே 65 கிலோமீட்டரில் ரோசெட்டா. எகிப்திய எழுத்தைத் திறந்த அந்தக் கல் லண்டனில் இருந்தாலும், ஓட்டோமான் காலத்துச் செங்கல் வீடுகளும் நைல் கடலில் கலக்கும் முகமும் அங்கேயே இருக்கின்றன. இரண்டில் ஒன்றுதான் ஒரு நாளுக்குள் அடங்கும். முதல் முறை போகிறவர்கள் அல் அலமைன் போங்கள்.

பிரமிடுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீசாவையும் லக்சரையும் முதலில் பார்த்துவிட்டு இந்த ஊருக்கு வந்தால், கண் பெரிய கல்லைத்தான் தேடும். அலெக்சாண்ட்ரியாவில் நாலு இரவு தங்கி, மிஸ்ர் நிலையத்திலோ சிதி காபிரிலோ ரயிலேறி கெய்ரோ போய், பிரமிடுகளைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து விமானம் ஏறுங்கள். இறங்குவது போர்க் அல்-அரப், ஏறுவது கெய்ரோ என்று டிக்கெட் போட எல்லா நிறுவனங்களிலும் முடியாது. முடியும் நிறுவனத்தைத் தேடி, அக்டோபர் டிக்கெட்டை ஜூன் மாதமே வாங்கிவிடுங்கள். திரும்பும் விமானம் இரவில் இருக்கட்டும். கடைசிப் பகல் முழுவதும் கையில் மிச்சமிருக்கும்.